எங்கள் ஏரியைப் பார்க்க எந்தச் செயற்கைக்கோள் படம் தோது?

குடியாத்தம் பக்கம் எங்கள் ஊர். ஏரி ஏறக்குறைய நூறு ஏக்கர் இருக்கும். ஒரு மழைக்காலத்தில் வரத்துக் கால்வாயில் மண் சரிந்து அடைத்துக்கொண்டது. தூர்வாரச் சொல்லி மனு எழுதினோம். மனுவோடு ஒரு படமும் இருக்கட்டும் என்று கூகுள் எர்த்தில் ஏரியைத் தேடி எடுத்து, கலர் பிரிண்ட் போட்டு இணைத்தேன். அவ்வளவு தெளிவான படம். மதகு தெரிந்தது, கரை மேல் நிற்கும் பனைமரங்களின் நிழல்கூடத் தெரிந்தது.

மனுவை வாங்கிய அதிகாரி படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இது என்னைக்கு எடுத்தது தம்பி?" என்றார். என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து அதே இடத்தைத் திறந்து பார்த்தால், திரையின் அடியில் தேதி இருக்கிறது. மூன்று வருஷம் பழைய படம். அடைப்பு விழுவதற்கு முன்னால் எடுத்தது. நான் கொடுத்த படத்தில் எங்கள் கால்வாய் நன்றாகவே இருந்தது.

அதற்கப்புறம்தான் மற்ற படங்களையும் தேட ஆரம்பித்தேன். கூகுள் எர்த், இஸ்ரோவின் புவன், ஐரோப்பாவின் சென்டினல், அமெரிக்காவின் லேண்ட்சாட் என்று நான்கு வழிகள். நான்கையும் காசில்லாமல் பார்க்கலாம். ஆனால் நான்கும் ஒரே வேலைக்கு ஆகாது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று இப்போது மூன்றாகப் பிரிந்திருக்கும் எங்கள் பழைய வேலூர் மாவட்டத்தில் ஏரியும் பாலாறும் கழனியும் வைத்திருப்பவர்களுக்கு எது எதற்கு உதவும் என்று சொல்லத்தான் இது.

ஒரு புள்ளி எத்தனை சென்ட்?

படம் சின்னச் சின்னச் சதுரப் புள்ளிகளால் ஆனது. ஒரு புள்ளி நிலத்தில் எவ்வளவு இடம் என்பதுதான் படத்தின் தெளிவு, அதை மீட்டரில் சொல்வார்கள். நமக்குச் சென்டில் சொன்னால் சட்டென்று பிடிபடும். சென்டினல் 2 படத்தில் ஒரு புள்ளி பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர், அதாவது சுமார் இரண்டரை சென்ட். ஒரு ஏக்கருக்கு நாற்பது புள்ளி. லேண்ட்சாட்டில் ஒரு புள்ளி 30 மீட்டர், சுமார் 22 சென்ட். ஒரு ஏக்கர் நிலம் நாலரைப் புள்ளியில் முடிந்துவிடும். கூகுள் எர்த்தில் ஊர்ப்பக்கம் கிடைக்கும் நல்ல படங்களில் ஒரு புள்ளி அரை மீட்டர் அளவுக்கு வந்துவிடுகிறது. களத்தில் நிற்கும் டிராக்டரை அதில் எண்ணலாம்.

வேலூர் கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 133 ஏக்கர். சென்டினலில் அது ஐயாயிரத்துச் சொச்சம் புள்ளி. அகழி கறுப்புப் பட்டையாகக் கோட்டையைச் சுற்றிவருவது தெரியும். லேண்ட்சாட்டில் மொத்தக் கோட்டையும் அறுநூறு புள்ளிதான். அகழியின் அகலம் ஓரிரு புள்ளிக்குள் அடங்கிவிடுவதால், தண்ணீரின் கறுப்போடு மதிலின் நிறமும் கரை மரங்களின் நிறமும் கலந்து மங்கலாக இருக்கும். கூகுள் எர்த்தில் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கோபுர நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்பதுவரை பார்க்கலாம். கண்ணுக்குக் கூகுள்தான் விருந்து, அதில் சந்தேகமே இல்லை.

கூகுள் எர்த்

எல்லை பார்க்க, கிணறு எங்கே என்று காட்ட, கால்வாய் எந்த வழியாக வருகிறது என்று வரைய இதைவிட நல்லது கிடையாது. கம்ப்யூட்டரில் பழைய படங்களையும் வரிசையாகத் தள்ளித் தள்ளிப் பார்க்கலாம். மலைகளைச் சாய்த்துப் பார்க்கும் வசதியும் உண்டு. ஏலகிரி எப்படித் தரையிலிருந்து செங்குத்தாக எழும்பி, மேலே தட்டையாக விரிந்து கிடக்கிறது என்பதும், பதினாலு கொண்டைஊசி வளைவும் அந்தச் சரிவில் எப்படி மடிந்து மடிந்து ஏறுகின்றன என்பதும் அதில் பார்த்தால்தான் புரியும். பக்கத்திலேயே ஜவ்வாது மலை. அங்கே காவலூரில் 1986இல் திறந்த 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது. எங்கள் மலையிலிருந்து வானத்தைப் பார்க்கிறார்கள், வானத்திலிருந்து நாங்கள் எங்கள் மலையைப் பார்க்கிறோம் என்று நினைக்கும்போது எனக்கு இன்னமும் சந்தோஷமாக இருக்கிறது.

ஆனால் அடுத்த படம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. நகரத்துக்கு அடிக்கடி புதுப்படம் கிடைக்கும், கிராமம் காத்திருக்க வேண்டியதுதான். இன்னொன்று, திரையில் தெரியும் ஊர் முழுக்க ஒரே நாளில் எடுத்ததாக இருக்காது. பல படங்களை ஒட்டுப்போட்டிருப்பார்கள். ஏரியின் ஒரு பாதி பச்சையாகவும் மறுபாதி காய்ந்தும் நேர்கோட்டில் பிரிந்து தெரிந்தால், அது வேறு வேறு நாளில் எடுத்த இரண்டு படங்களின் ஒட்டு. நிலத்தில் அப்படி ஒரு கோடு இருக்காது. சாதாரண கூகுள் மேப்பில் எடுத்த தேதியும் காட்டாது. அதனால் மனுவுக்குப் படம் எடுப்பவர்கள் எர்த்துக்கே போங்கள், தேதியையும் சேர்த்து எழுதுங்கள்.

சென்டினல்

என் பெரியப்பாவுக்கு ஏரிக்குக் கீழே இரண்டரை ஏக்கர் கழனி. டீக்கடையில் என்னைப் பார்த்தால் கேட்பார்: "இன்னாடா, உன் படத்துல தண்ணி கீதா?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடிந்தது சென்டினலால்தான்.

சென்டினல் 2 வரிசையில் முதல் செயற்கைக்கோள் 2015இல் போனது, இரண்டாவது 2017இல், மூன்றாவது 2024இல். 786 கிலோமீட்டர் உயரத்திலிருந்து, ஒரே ஓட்டத்தில் 290 கிலோமீட்டர் அகலத்துக்கு நிலத்தைப் படமெடுத்துக்கொண்டே போகும். இரண்டு கோள்கள் வேலை செய்தால் ஒரு இடத்துக்கு ஐந்து நாளைக்கு ஒரு படம். எங்கள் தலைக்கு மேல் காலை பத்தே முக்கால் மணி வாக்கில் கடக்கும். கோப்பர்நிகஸ் பிரவுசர் என்ற தளத்தில் ஊரைத் தேடி, தேதியைத் தட்டினால் போதும். ஒவ்வொரு படமும் தேதியோடுதான் வரும்.

கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியிலும் எடுக்கிறது என்பது இதன் பெரிய பலம். செடிகொடிகள் அந்த ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும், தண்ணீர் விழுங்கிவிடும். அந்த ஒளிக்குச் சிவப்பு நிறம் கொடுத்துக் காட்டும் ஒரு முறை தளத்திலேயே இருக்கிறது. அதில் பயிரும் மரமும் சிவப்பாகத் தெரியும், தெளிந்த தண்ணீர் கருநீலமாகவோ கறுப்பாகவோ தெரியும். ஜனவரிப் படத்தில் எங்கள் ஏரி கறுப்பாக, கீழே நெல் கழனிகள் செக்கச்செவேல் என்று இருக்கும். மே மாதப் படத்தில் கழனியெல்லாம் வெளிறிக் கிடக்கும். ஆனால் ஏரிக்குள் ஒரு மூலையில் மட்டும் சிவப்பு அப்படியே இருக்கும். அதுதான் சீமைக்கருவேலம். சாதாரண நிறப் படத்தில், அதுவும் மழைக்காலத்தில், புல்லுக்கும் பயிருக்கும் முள்ளுக்கும் வித்தியாசம் சொல்வது கஷ்டம். கத்திரி வெயிலில் எடுத்த படத்தில் ஏரிக்குள் எது பச்சையாக நிற்கிறதோ அதைச் சந்தேகப்படுங்கள். ஒன்று மட்டும் கவனம்: ஆகாயத்தாமரை மூடிய ஏரியும் சிவப்பாகத்தான் தெரியும். தண்ணீர் இருந்தும் இல்லாத மாதிரி காட்டும். கரைக்குப் போய் ஒருதடவை பார்த்துவிடுவது நல்லது.

சரி, என் மனு விஷயம். மூன்று மீட்டர் அகலக் கால்வாயில் விழுந்த அடைப்பு, பத்து மீட்டர் புள்ளியில் தெரியவே தெரியாது. அடைப்பால் நடந்தது தெரிந்தது. ஒரே ஓடையிலிருந்து எங்கள் ஏரிக்கும் பக்கத்து ஊர் ஏரிக்கும் கால்வாய் பிரிகிறது. மழை ஓய்ந்த பிறகு எடுத்த இரண்டு படங்களிலும் பக்கத்து ஏரி கரை வரை கறுத்திருந்தது. எங்கள் ஏரியில் மதகை ஒட்டி ஒரு திட்டு மட்டும் கறுப்பு. அவர்கள் ஏரி கோடி போனது, எங்களுடையது பாதிகூட நிறையவில்லை. இரண்டு படத்தையும் தேதி போட்டு, பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக் கொடுத்தோம். இந்தத் தடவை அதிகாரி, நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

மேகம்தான் இதற்கு எதிரி. எங்கள் ஏரிகள் நிறைவது வடகிழக்குப் பருவமழையில். அக்டோபர், நவம்பரில் எதைத் திறந்தாலும் வெள்ளைப் பஞ்சு. 2021 நவம்பரில் பாலாற்றில் இரு கரையும் தொட்டு வெள்ளம் போனதே, அந்த மாதிரி நாட்களில் சென்டினல் 1 தான் கை கொடுக்கும். அது ரேடார் அலையை அனுப்பி, திரும்பி வருவதை வைத்துப் படம் வரைகிறது. மேகமும் இருட்டும் அதற்கு ஒரு பொருட்டில்லை. தண்ணீரின் மட்டமான பரப்பில் பட்ட அலை வேறு பக்கம் சிதறிப் போய்விடுவதால், தண்ணீர் கறுப்பாகத் தெரியும்.

பாலாற்றுக்காரர்கள் இந்த இடத்தில் உஷாராக இருக்க வேண்டும். காய்ந்த மணலும் ரேடாரில் கறுப்பாகத்தான் தெரியும். வாணியம்பாடி தொடங்கி ஆம்பூர், வேலூர், வாலாஜா என்று வருஷத்தில் பல மாதம் வெறும் மணலாகக் கிடக்கும் ஆறு, ரேடார் படத்தில் தண்ணீர் ஓடுகிற மாதிரியே இருக்கும். முதல் தடவை பார்த்தபோது ஏப்ரலில் பாலாற்றில் தண்ணீரா என்று எனக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு படபடத்தது. அதே இடத்தின் கோடைக்கால ரேடார் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, புதிதாக எது கறுத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். கரையைத் தாண்டிக் கழனிக்குள் புகுந்த தண்ணீர் அப்போது தெளிவாகப் பிரிந்து தெரியும்.

லேண்ட்சாட்

ஒரு புள்ளிக்கு 22 சென்ட் என்றதும் இதை ஒதுக்கிவிடாதீர்கள். இதனிடம் இருப்பது காலம். முதல் லேண்ட்சாட் 1972 ஜூலையில் போனது. அதன் படங்கள் இதைவிடவும் மங்கல், புள்ளி சுமார் 80 மீட்டர். 1984இல் போன லேண்ட்சாட் 5 முப்பது மீட்டரில் எடுத்தது, 2013 வரைக்கும் உழைத்தது. இப்போது 8, 9 இரண்டும் சேர்ந்து எட்டு நாளுக்கு ஒரு படம் தருகின்றன. 2008லிருந்து பழைய படங்கள் எல்லாமே இலவசம். லேண்ட்சாட் படங்களைக் கட்டம் கட்டமாகப் பிரித்து எண் போட்டிருக்கிறார்கள், தேடும்போது பாதை 143, வரிசை 51 என்று போட்டால் வேலூர் வந்துவிடும். ஒரு எச்சரிக்கை: 2003 மே மாதக் கடைசியில் லேண்ட்சாட் 7இன் கருவி ஒன்று பழுதானது. அதற்குப் பிறகான அதன் படங்களில் கறுப்புக் கீற்றுகள் இருக்கும். நிலத்தில் ஏதோ ஆகிவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

எண்பதுகளின் நடுவில் எடுத்த ஒரு ஜனவரிப் படத்தையும் இப்போதைய ஜனவரிப் படத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். காட்பாடிப் பக்கம் கழனியாகவும் கொல்லையாகவும் இருந்த இடங்களில் கட்டடங்கள். சத்துவாச்சாரி நெடுஞ்சாலையை ஒட்டி நீண்டு நகரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது ஆறுதான். என் அப்பா தலைமுறை ஆற்று மணலில் ஊற்று தோண்டித் தண்ணீர் குடித்தது. அவர்கள் வாயால் சொன்ன அந்த வெள்ளை மணல் பழைய படத்தில் அகலமான வெள்ளை நாடாவாகவே கிடக்கிறது. இப்போதைய படத்தில் அந்த நாடாவில் இடையிடையே புதர்த் திட்டுகள். அந்தப் படத்தை அப்பாவுக்குக் காட்டினேன். அவர் விரலால் ஆற்றை மேற்கிலிருந்து கிழக்கே ஒருமுறை தடவிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

ஒப்பிடும்போது மாதம் மாறக் கூடாது. பழையதில் ஜனவரியையும் புதியதில் மே மாதத்தையும் வைத்து 'ஏரி போச்சே' என்று சொன்னால் அது நியாயமில்லை. அப்படிப்பட்ட படங்கள் மழை இல்லாத வருஷங்களில் வாட்ஸ்அப்பில் நிறைய சுற்றும். இதையெல்லாம் தேடி எடுக்க நேரமில்லை என்றால், கூகுள் எர்த்தின் டைம்லேப்ஸில் 1984 முதல் வருஷவாரியாக ஓடவிட்டுப் பார்க்கலாம். 2007ஐ ஒட்டி அரியூர்ப் பக்கம் ஸ்ரீபுரம் பொற்கோயில் வளாகம் எழும்புவதை அதில் பார்க்கலாம். ஆனால் அது வருஷத்துக்கு ஒரு படமாகச் சேர்த்துச் செய்தது. ஏரியின் நீர்மட்டத்தை அதில் தேடக் கூடாது.

புவன்

2009 ஆகஸ்டில் தொடங்கியது. ஹைதராபாத்தில் இருக்கும் இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் நடத்துகிறது. படமாகப் பார்ப்பதைவிட வரைபடமாகப் பார்க்கத்தான் நான் இங்கே போவேன். எது பயிர் நிலம், எது தரிசு, எது காடு, எது நீர்நிலை என்று வகை பிரித்த நிலப்பயன்பாட்டு வரைபடம் இதில் உண்டு. அரசு அலுவலகத்தில் பேசும்போது அரசே போட்ட வரைபடத்துக்குத் தனி மதிப்பு. அது எந்த வருஷக் கணக்கு என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் செயற்கைக்கோள் எடுத்த நேரடிப் படம் வேண்டுமென்றால் பூநிதி என்ற தளத்தில் பதிவு செய்து இறக்கிக்கொள்ளலாம். 1988இல் ஐஆர்எஸ் 1ஏ என்ற செயற்கைக்கோளில் தொடங்கிய வரிசை இது. அதில் பின்னால் வந்த ரிசோர்ஸ்சாட்டின் ஒரு கேமராவில் புள்ளி 5.8 மீட்டர், ஒரு சென்டுக்கும் குறைவு. சென்டினலைவிடக் கூர்மை. ஆனால் பதிவு செய்து, தேடி, இறக்கி, கியூஜிஐஎஸ் மாதிரி ஒரு மென்பொருளில் திறக்க வேண்டும். டீக்கடையில் நின்றுகொண்டு போனில் பார்க்கிற வேலை இல்லை. கல்லூரிப் பிள்ளைகள் யாராவது ஊரில் இருந்தால் அவர்களிடம் கொடுங்கள், ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வார்கள்.

நாசாவின் வேர்ல்டுவியூ தினமும் படம் தரும். ஒரு புள்ளியே பதினைந்து ஏக்கர் என்பதால் எங்கள் ஏரி அதில் ஆறேழு புள்ளி. புயல் வரும்போது மேகத்தைப் பார்க்கவும், கோடையில் ஜவ்வாது மலையில் தீ பிடித்தால் சிவப்புப் புள்ளியைத் தேடவும் மட்டும் வைத்திருக்கிறேன்.

ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் நான் சென்டினலைத்தான் எடுப்பேன். பனைமர நிழல் அதில் தெரியாது, பரவாயில்லை. போன வாரம் ஏரியில் எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் நின்றது என்று கேட்டால் புள்ளியை எண்ணிச் சொல்லிவிடலாம்.

கால்வாயைத் தூர்வாரினார்கள். அடுத்த மழையில் மேகம் விலகி வந்த முதல் படத்தைப் பெரியப்பாவிடம் போனில் காட்டினேன். ஏரி மதகிலிருந்து, மிஞ்சிய தண்ணீர் வழியும் கலங்கல் வரை ஒரே கறுப்பு. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தவர், கலங்கல் பக்கம் விரலை வைத்தார். "இங்க நாலடி ஆழந்தான். உன் படம் அதச் சொல்லுதா?"

சொல்லாது. மேலிருந்து பார்த்தால் பரப்புதான் தெரியும். ஆழத்துக்கு இன்னும் மதகுக்கல்லின் அளவுக்கோட்டைத்தான் பார்க்கிறோம். இப்போது படம் வருகிற காலையில் அவர் கல்லைப் பார்த்து அடி சொல்வார், நான் படத்தைப் பார்த்து ஏக்கர் எழுதுவேன். ஒரே நோட்டில், பக்கத்துப் பக்கத்துப் பத்தியில்.