200 லிட்டர் நீல டிரம்: பத்து மாதப் புழக்கத்தில் கண்டது

ரெண்டு டிரம் வாங்கினோம். ஒன்று மேல்வாயை அறுத்துக் கொடுத்தது, 900 ரூபாய். இன்னொன்று முழு மூடியும் அதை இறுக்குகிற இரும்பு கிளாம்ப்பும் உள்ளது, 1,400. இரண்டும் பழசு, கோவை உக்கடத்தில் எடுத்தது. வீடு கட்டும்போது எந்தக் கம்பி, எந்த சிமெண்ட் என்று சொல்ல வீதிக்கு நாலு பேர் இருக்கிறார்கள். டிரம்மைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

கணபதியில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, கோவில்பாளையம் தாண்டி வாங்கிப் போட்டிருந்த நாலரை சென்ட்டில் ஹாலோ பிளாக் வைத்து ஒரு ஷெட் கட்டிக்கொண்டோம். பத்துக்குப் பன்னிரண்டு, மேலே சிமெண்ட் ஷீட். ஒரு பாதியில் சிமெண்ட் மூட்டை. மறுபாதியில் நாங்கள் ரெண்டு பேர், ஒரு கேஸ் அடுப்பு, என் தையல் மெஷின். வாடகையும் கொடுத்து லோன் வட்டியும் கட்டினால் கம்பி வாங்க எதுவும் மிஞ்சாது, அவ்வளவுதான் விஷயம்.

போர்வெல் 900 அடி போட்டு வந்தது சப்பைத் தண்ணீர். மேஸ்திரி ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்த்து, துப்பிவிட்டு, "பரவால்லீங்க, குடிக்கத்தான் ஆவாது" என்றார். கட்டட வேலைக்கு வாங்குகிற தற்காலிகக் கரண்டில் வீட்டுக்குக் கிடைக்கிற இலவச யூனிட் கிடையாது, யூனிட் விலையும் கூடுதல். அதனால் மோட்டாரை நினைத்தபோதெல்லாம் போட முடியாது. காலையில் ஒரே தடவை போட்டு, டிரம்மை நிரப்பி, அதை வைத்துத்தான் அன்றைய பொழுது. ஒரு மூட்டை சிமெண்ட் கலவைக்குச் சுமாராக 25 லிட்டர் தண்ணீர் போகும். எட்டு மூட்டை ஓடினால் டிரம் காலி. கலவை ஓடுகிற நாளில் எங்கள் குளியலுக்கு மிஞ்சியது ஆளுக்கு அரை பக்கெட்.

முதலில் வாசனை. கடைக்காரர் எந்த டிரம்மைக் காட்டினாலும் "ஜூஸ் டிரம்முங்கக்கா" என்பார். நம்பாதீர்கள். பக்கத்திலேயே திருப்பூர், சாயப்பட்டறைக்குக் கெமிக்கல் வந்த டிரம்களும் இதே நீலம்தான். ஸ்டிக்கர் கிழிக்காமல் இருப்பதாகப் பார்த்து எடுங்கள். கிழித்திருந்தால் ஏன் கிழித்தார்கள் என்று யோசியுங்கள். நான் ஒவ்வொன்றிலும் தலையை உள்ளே விட்டு மோந்து பார்த்தேன். எங்க வீட்டுக்காரர் யாரோ எவரோ மாதிரி நாலடி தள்ளி நின்றுகொண்டார். ஏழாவதில் மாம்பழக்கூழ் வாசனை வந்தது, அதை எடுத்தோம். சோப்புத்தூளும் புளியும் போட்டுத் தேய்த்தும் பத்து நாள் வரை மாம்பழ வாசனையில்தான் குளித்தோம். அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன்.

க்யூரிங்குக்கு, அதாவது காங்கிரீட் காயாமல் நனைத்து வைப்பதற்கு, இதைவிட வசதி இல்லை. காலை ஆறு மணிக்கு, ஷிஃப்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால் அவர் ஒரு சுற்று. காங்கிரீட் தூண் ஒவ்வொன்றிலும் சாக்கு சுற்றிக் கட்டியிருந்தோம், மக்கில் மொண்டு மேலேயிருந்து ஊற்றினால் சாக்கு பிடித்துக்கொள்ளும். மத்தியானம் நான், சாயங்காலம் மறுபடி அவர். ஹோஸ் பிடித்து அடித்தால் பாதித் தண்ணீர் தரைக்குப் போகிறது, மக்கில் ஊற்றினால் போகாது. ரூப் காங்கிரீட் போட்டு மேலே பாத்தி கட்டிய 14 நாளும் இந்த ஒரு டிரம்மால் ஆகவில்லை, மோட்டாரை நேராகவே போட்டோம். அந்த மாதத்து கரண்ட் பில்லைப் பற்றி இங்கே வேண்டாம்.

இனி குறை. டிரம்மில் குழாய் வைக்காதீர்கள். பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கிற மனுஷன், குனிந்து மொள்ள எனக்கு இடுப்பு வலிக்கிறதே என்று, அடியில் ஓட்டை போட்டு அரை இஞ்ச் குழாய் மாட்டினார். டிரம்மின் பக்கம் வளைவு, வாஷர் தட்டை. உட்காராது. ராத்திரி சொட்டியது. சொட்டிய தண்ணீர் ஷெட் சுவருக்கு அடியில் புகுந்தது. சிமெண்ட்டைப் பலகை போட்டுத்தான் அடுக்கியிருந்தோம், ஆனால் முந்தின நாள் லோடு வந்த அவசரத்தில் மூன்று மூட்டை மட்டும் சுவரோரம் தரையிலேயே இருந்தது. விடிந்து கை வைத்துப் பார்த்தால் அடிப்பக்கம் சாக்கோடு கெட்டியாகிக் கிடந்தது. மூன்றும் கல். "ஏனுங்க, மூட்டை 400 ரூபாய்ங்க" என்றேன். அவர் எதுவும் பேசவில்லை. அந்த மூன்றையும் இழுத்துப் போய் வேப்பமரத்தடியில் ஒட்டிப் போட்டு, மேலே டிரம்மைத் தூக்கி வைத்தார். குழாய் ஓட்டையை அடைக்க எம்சீல் பசை. அதோடு டிரம்மின் வாய் உயரத்துக்கு வந்துவிட்டது, குனிகிற வேலை போனது. அந்த ஐடியாவுக்கு 1,200 ரூபாய் செலவு என்று மட்டும் இன்றுவரை சொல்லிக்காட்டுகிறேன்.

மேடை எப்படியும் வேண்டும். நிரம்பினால் 200 கிலோ, ஈர மண்ணில் ஒரு பக்கம் இறங்கினால் நிமிர்த்த முடியாது.

அப்புறம் கொசு. டெங்கு பணிக்கு வருகிற அக்காக்கள் எங்கள் கதவைக்கூடத் தட்ட மாட்டார்கள், நேராக டிரம்முக்குத்தான் போவார்கள். டார்ச் அடித்துப் பார்த்ததில் ஒருநாள் புழு நெளிந்தது. "தண்ணிய மாத்துனா மட்டும் போதாது அம்மிணி, சுவத்தைத் தேய்க்கோணும், முட்டை அதுலதான் ஒட்டீட்டு இருக்கும்" என்று அந்த அக்கா சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. காய்ந்தாலும் மாசக்கணக்கில் உயிரோடு இருக்குமாம், தண்ணீர் பட்டதும் பொரியுமாம். அன்றிலிருந்து வாரம் ஒருநாள் முழுக்கக் காலி செய்து தேங்காய் நாரில் தேய்த்தேன். வாய் அறுத்த டிரம்முக்கு மூடி இல்லாததுதான் பெரிய குறை. பழைய வேட்டியை நாலாக மடித்து கயிறு போட்டுக் கட்டினேன். அறுத்த விளிம்பும் கையைக் கிழிக்கும், கடையிலேயே தேய்த்துத் தரச் சொல்லுங்கள்.

கிளாம்ப் டிரம்மில் தண்ணீரே ஊற்றவில்லை. ஷெட்டில் எலியும் சிமெண்ட் தூசியும் எதையும் விட்டு வைக்காது. கல்யாணப் பட்டு, பத்திரம், பேங்க் பேப்பர், ரேஷன் கார்டு, கஸ்டமர் தைக்கக் கொடுத்த நல்ல துணி, எல்லாம் இதற்குள். கிளாம்ப்பை இழுத்துப் பூட்டினால் தூசி நூலளவும் போகாது. ரப்பர் வளையம் வெடிக்காமல் இருக்கிறதா என்று மட்டும் வாங்கும்போது விரலால் அமுக்கிப் பாருங்கள். ஒரே ஒரு தப்பு செய்தேன். அந்துருண்டை போட்ட அதே டிரம்மில் ஊரிலிருந்து கொடுத்துவிட்ட அரிசியையும் வைத்தேன். ஒரு வாரம் அந்துருண்டை சாதம். அவர் ரசத்தை இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு சாப்பிட்டார், நான் தயிர் சாதத்தில் மாட்டிக்கொண்டேன். மூடி போட்டுவிட்டால் அதுவே என் அயர்ன் டேபிள், விருந்தாள் வந்தால் ஸ்டூல்.

வாய் அறுத்ததற்கு ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். கிளாம்ப் டிரம்முக்கு ஐந்து. கையில் காசு இருந்தால் ரெண்டையும் கிளாம்ப்பாகவே எடுங்கள்.

இப்போது மேலே ஆயிரம் லிட்டர் டேங்க் ஏறிவிட்டது, பெயிண்ட் வேலை நடக்கிறது. போன வாரம் பக்கத்து சைட்டில் பேஸ்மட்டம் எடுக்கிற அக்கா வந்து தண்ணீர் டிரம்மை 500 ரூபாய்க்குக் கேட்டார். கொடுத்தேன். அடியில் எம்சீல் வைத்த ஓட்டையைக் காட்டி, சிமெண்ட் பக்கம் மட்டும் வைக்காதீங்க என்று சொல்லித்தான் உருட்டிவிட்டேன். அந்த மூன்று மூட்டையையும் எடுத்துக்கோங்க அக்கா, காசு வேண்டாம் என்றேன். சிரித்தார், எடுக்கவில்லை. வேப்பமரத்தடியில்தான் கிடக்கிறது. எங்க வீட்டுக்காரர் ஷிஃப்ட் முடிந்து வந்தால் அதன்மேல் உட்கார்ந்துதான் டீ குடிக்கிறார்.