அலாரம் பேட்டரி: ஒன்பது ஆண்டுகளில் மூன்றாவது

வீட்டில் திருட்டு அலாரம் பொருத்தி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அதன் பெட்டிக்குள் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரி இப்போது மூன்றாவது. முதல் பேட்டரியை நான்கு ஆண்டுகள் கண்டுகொள்ளவே இல்லை. பிறகு ஒருநாள் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தபோது 13.6 வோல்ட் காட்டியதால், குறையொன்றும் இல்லை என்று மூடிவிட்டேன். அடுத்த வாரம் மின்சாரம் போனதும், பல மணி நேரம் தாங்க வேண்டிய அலாரம் பத்து நிமிடத்தில் ஈனக்குரலில் கத்தி ஓய்ந்தது.

நான் அளந்தது பேட்டரியை அல்ல, அதற்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்த மின்சுற்றை. உள்ளே தகடுகளில் சல்பேட் படிந்து கொள்ளளவு முழுதும் போய்விட்டாலும், சார்ஜ் இணைப்பில் இருக்கும்வரை மீட்டரில் அதே அளவுதான் தெரியும். ஆகவே இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை மின் இணைப்பை அணைத்து, அரைமணி நேரம் பேட்டரியிலேயே ஓடவிட்டு, சைரனையும் சில நொடிகள் ஒலிக்கச் செய்தபடி அளக்கிறேன் (பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது உத்தமம்). நல்ல பேட்டரி 12.5 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். 12-க்குக் கீழே சரிந்தால் மாற்றிவிடுவேன்.

இரண்டாவது பேட்டரி இரண்டு ஆண்டுகளே உழைத்தது. பெட்டி கூரைக்கு அடியில், வெயிலின் சூடு நேராக இறங்கும் இடத்தில் இருந்ததே காரணம். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் இவ்வகை பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகிறது. அது பக்கவாட்டில் உப்பி, பெட்டியை விட்டு வெளியே வர மறுத்தது. அதன் பிறகு பெட்டியைக் கீழே, குளிர்ச்சியான சுவருக்கு மாற்றினேன்.

மாற்றும்போது மின் இணைப்பை முதலில் துண்டித்து, சிவப்பு ஒயர் நேர்முனைக்குத்தான் போகிறதா என்று இருமுறை பார்க்க வேண்டும். இணைப்புத் தகடு 4.8 மில்லிமீட்டரா, 6.3 மில்லிமீட்டரா என்று பார்த்து வாங்காததால் நான் ஒருமுறை கடைக்கு இரண்டாவது நடை நடந்தேன். மலிவாகக் கிடைக்கிறதென்று உபரியாக ஒன்று வாங்கி வைப்பதையும் விட்டுவிட்டேன். சும்மா இருந்தாலும் அதன் சார்ஜ் மெல்ல வடியும். பொருத்திய மாதத்தையும் ஆண்டையும் பேட்டரியின் முகத்திலேயே மார்க்கரால் எழுதிவிடுகிறேன். இப்போதைய பேட்டரியின் எழுத்து மூன்று ஆண்டுகளில் லேசாக மங்கியிருக்கிறது, சைரன் ஒலிக்கும்போது மீட்டர் இன்னும் 12.4 காட்டுகிறது.