டிஃபயன்ட் மாடல்: ஆறு வருட அனுபவம்

2019 டிசம்பரில் கட்டி முடித்த போல்ட்டன் பால் டிஃபயன்ட், இரண்டாம் உலகப்போர் கால பிரிட்டிஷ் போர்விமானத்தின் பிளாஸ்டிக் மாடல், இன்றும் என் புத்தக அலமாரியில் நிற்கிறது. 72-இல் ஒரு பங்கு அளவு. இறக்கை முனையிலிருந்து முனைவரை 17 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

அதே போரில் புகழ்பெற்ற ஸ்பிட்ஃபயர் விமானத்தின் மாடல் எளிதாகக் கிடைக்கும். நான் இதைத் தேடிப் பிடித்ததற்குக் காரணம் இதை ஓட்டிய, பிரிட்டிஷ் விமானப்படையின் 264-ஆம் ஸ்குவாட்ரன் (படைப்பிரிவு). அதன் பெயரிலேயே ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ உண்டு, நம் மாகாணம் கொடுத்த நன்கொடைக்காக வைத்தது. விமானமும் விசித்திரமானது. முன்னோக்கிச் சுட ஒரு துப்பாக்கிகூடக் கிடையாது. விமானிக்குப் பின்னால் சுழலும் டர்ரெட்டில் (துப்பாக்கிக் கூண்டில்) நான்கு பிரௌனிங் துப்பாக்கிகள், அவ்வளவுதான். 1940 மே மாதம் பிரான்ஸின் டன்கர்க் வானில் இதை, முன்னோக்கிச் சுடும் ஹரிக்கேன் போர்விமானம் என்று நினைத்துப் பின்னாலிருந்து வந்த ஜெர்மன் விமானிகள் அடிபட்டார்கள். ஆள் யாரென்று தெரிந்ததும் முன்னாலிருந்தும் கீழிருந்தும் தாக்கினார்கள். இழப்பு தாங்காமல், அந்த ஆகஸ்ட் முடிவதற்குள் பகல் சண்டையிலிருந்து விலக்கி இரவுப் பணிக்கு மாற்றினார்கள்.

உடல் பாகங்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, பசையில்லாமல் ஒருமுறை பொருத்திப் பார்த்து ஒட்டியதில் பெரிய சிக்கல் இல்லை. உழைப்பெல்லாம் டர்ரெட்டில்தான். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணாடிக் கூண்டு, அதன் சட்டம் ஒவ்வொன்றுக்கும் மாஸ்கிங் டேப்பை இழை இழையாக வெட்டி ஒட்ட வேண்டும். அதற்கு மட்டும் இரண்டு ஞாயிறு போனது. உள்ளே துப்பாக்கிகளை சூப்பர் க்ளூ வைத்து ஒட்டி உடனே கூண்டை மூடினேன். காலையில் பார்த்தால் கண்ணாடியின் உள்பக்கம் வெண்மூட்டம். பசையின் ஆவி செய்த வேலை. கூண்டைக் கழற்றி, பஞ்சுக் குச்சியில் பற்பசை தொட்டுத் தேய்த்தேன். முக்கால்வாசி போனது. மீதி இன்றும் மேஜை விளக்கில் தெரிகிறது, பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படும்.

அடிப்பக்க நிறத்துக்குத் தேதி முக்கியம். மே மாதத்து விமானம் என்றால் ஒரு பாதி கறுப்பு, மறுபாதி வெள்ளை. ஜூனுக்குப் பிறகு ‘ஸ்கை’ எனும் பச்சை சாய்ந்த வெளிர்நிறம். நான் செய்தது PS-A எழுத்துகள் தாங்கிய, அந்த ஸ்குவாட்ரனின் தலைவர் ஃபிலிப் ஹண்டரின் விமானம். 1940 ஆகஸ்ட் 24 அன்று அவரும் துப்பாக்கி வீரர் கிங்கும் அதில் போனவர்கள் திரும்பவில்லை. அதனால் ஸ்கை அடித்தேன். மேலே டார்க் எர்த் எனும் மண்பழுப்பும் டார்க் கிரீனும்.

சென்னை நவம்பர் மழையில் பளபள வார்னிஷை ஸ்ப்ரே செய்தது தவறு. ஈரக்காற்றில் பால் ஊற்றியதுபோல் பூத்துவிட்டது. வெயில் வந்த ஒரு மதியம் வெறும் தின்னரை லேசாகத் தூவியதும் தெளிந்தது. அன்றிலிருந்து மழைக்காலத்தில் வார்னிஷ் டப்பாவைத் திறப்பதில்லை.

ஆறு வருடத்தில் பெயின்ட் எங்கும் உரியவில்லை, வெளிறவும் இல்லை. ஜன்னல் வெயில் படாத இடத்தில் வைத்திருக்கிறேன். எழுத்து, சின்னங்களுக்கான டீக்கால்களில் (ஒட்டுப்படங்களில்) ஒன்று மட்டும் கெட்டது. வலப்பக்க ‘S’ இருக்கும் இடத்தில் வார்னிஷ் காய்வதற்குள் ஒட்டிவிட்டேன், சுற்றிலும் வெள்ளி மினுமினுப்பு. வெள்ளைப் பசையில் ஒட்டிய, விமானி இருக்கைக்கு மேலுள்ள கண்ணாடி மூடி, ஈரத்துணியால் துடைத்த அன்று கையோடு வந்துவிட்டது. இப்போது மென்மையான மேக்கப் பிரஷால்தான் தூசி தட்டுகிறேன். வால் சக்கரம் ஒருமுறை முறிந்தது. உள்ளே மெல்லிய செம்புக் கம்பி செருகி நிறுத்தினேன், அதன்பின் அசையவில்லை.

முதல் மாடலாக இதை எடுக்காதீர்கள், கண்ணாடி வேலை சோர்வடைய வைக்கும். இரண்டு மூன்று ஸ்பிட்ஃபயர் செய்து கை பழகியவர்கள் தாராளமாக எடுக்கலாம். பரணில் இன்னொரு டிஃபயன்ட் வைத்திருக்கிறேன், முழுக்கக் கறுப்படித்த இரவு விமானமாக்க. கறுப்பை அப்படியே அடித்தால் இந்த அளவில் உடலில் செதுக்கிய கோடெல்லாம் மறைந்துவிடும் என்பதால் சாம்பல் எவ்வளவு கலக்கலாம் என்று பழைய பிளாஸ்டிக் ஸ்பூன்களில் அடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.