எலக்ட்ரீஷியன்களுக்கான புதிய விதிகள் பயிற்சி: பட்டறை அருமை, வீடியோ சுமார்

மின்பாதுகாப்பு விதிகள் திருத்தப்படும்போதெல்லாம் வயரிங் வேலை செய்கிற நாங்களும் படித்தே ஆக வேண்டும். இந்த முறை நான் சேர்ந்தது பாதி வீடியோ, பாதி பட்டறை என்று நடக்கும் பயிற்சி. அந்தப் பட்டறைக்காகவே தாராளமாகச் சேரலாம்.

அங்கே எடுத்த எடுப்பிலேயே ஆர்சிசிபிதான், அதாவது மின்கசிவு ஏற்பட்டால் டிரிப் ஆகி சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச். கசிவு அளவு 30 மில்லி ஆம்பியர் என்று போட்டிருந்தால் போதும் என்று பலரும் வாங்கி மாட்டிவிடுகிறோம். பயிற்சியாளர் சாதாரண ஏசி மின்கசிவை மட்டும் பிடிக்கும் ஏசி டைப், துடிப்பாக வரும் டிசி கசிவையும் பிடிக்கும் ஏ டைப் இரண்டையும் மேசையில் மாட்டி, எலக்ட்ரானிக்ஸ் சாதனங்களில் வருவது போன்ற பாதி அலை லீக்கேஜை டையோடு வழியாகக் கொடுத்தார். ஏ டைப் சட்டென்று டிரிப் ஆனது, ஏசி டைப் அப்படியே நின்றது. வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர் ஏசி என்று வீடெல்லாம் எலக்ட்ரானிக்ஸ் நிறைந்த பிறகு இந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது. மின்வாகன சார்ஜர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். சீரான டிசி கசிவு 6 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் ஏ டைப்பையும் நம்ப முடியாது. சார்ஜருக்குள்ளேயே டிசி கசிவைப் பிடிக்கும் அமைப்பு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சீரான டிசி கசிவையும் பிடிக்கும் பி டைப் போட வேண்டும்.

அப்புறம் ஆர்சிசிபி டெஸ்டரை எங்கள் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். 30 மில்லி ஆம்பியரில் 300 மில்லி செகண்டுக்குள், 150-இல் 40-க்குள் டிரிப் ஆகிறதா என்று ஒவ்வொருவரும் அளந்தோம். டெஸ்ட் பட்டனை அழுத்தி டிரிப் ஆனால் எர்த்தும் சரி என்ற நம்பிக்கை நம் தொழிலில் பரவலாக இருக்கிறது. பயிற்சியாளர் எர்த் வயரைக் கழற்றிவிட்டுப் பட்டனை அழுத்தினார், அப்போதும் டிரிப் ஆனது. எர்த் தொடர்ச்சியைத் தனியாகச் சோதிக்க வேண்டும் என்று இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. வயர் இன்சுலேஷனை அளக்கும் 500 வோல்ட் மெக்கர் சோதனையையும் வரிசை தப்பாமல், சப்ளை கொடுப்பதற்கு முன்பே செய்ய வைத்தார்கள்.

வீடியோ பகுதி ஏமாற்றம்தான். திரையில் இருக்கும் விதியை அப்படியே வாசிக்கிறார்கள், அது ஏன் மாறியது என்று சொல்வதில்லை. வயரிங்கில் தீப்பொறி பறப்பதைக் கண்டறிந்து துண்டிக்கும் ஆர்க் ஃபால்ட் பாதுகாப்பு சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. லூஸ் கனெக்‌ஷனால் தீப்பிடித்த இடங்களைப் பார்த்தவர்களுக்கு அது போதவே போதாது. தேர்வும் பிரிவு எண்களைத்தான் கேட்கிறது.

இதுபோன்ற பயிற்சியில் சேரும் முன், பட்டறை உண்டா, டெஸ்டரை நம் கையில் தருவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெறும் வீடியோ மட்டும் என்றால் நான் சேர மாட்டேன்.