பங்காளிகள் கூட்டத்துக்கு ஏர்டேபிள்: நான்கு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

செட்டிநாட்டில் ஒரு பங்கு வீட்டின் (பல கிளைகளுக்குப் பொதுவான பூர்வீக வீடு) கூட்டக் குறிப்புகளையும் பங்காளிகளின் தொடர்பு எண்களையும் ஏர்டேபிள் என்ற இணையவழி அட்டவணைக் கருவியில் வைக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். கருவி நல்லது, ஒரு வரி கோடிங் தெரியாமலே நடத்தலாம். ஆனால் அதில் கிடைக்கும் மாதிரி அட்டவணையை எடுத்து, முதல் கட்டத்தில் 'பெயர்' என்று போட்டுத் தொடங்கினால் பட்டியல் சீக்கிரமே குழம்பிவிடும். நம் பக்கம் பெயரை வைத்து ஆளைப் பிரிக்க முடியாது.

மூத்த பேரனுக்கு ஐயா (அப்பாவின் அப்பா) பெயர் வைப்பது வழக்கம். மூன்று மகன்கள் இருந்தால் ஒரே வளவில் (வீட்டில்) மூன்று சொக்கலிங்கம். மாமனார் பெயரைச் சொல்லக்கூடாது என்று மருமகள்மார் வேறு பெயரில் கூப்பிட, அதுவே ஊரில் நிலைத்திருக்கும். ஆங்கிலத்தில் எழுதும்போது இங்கே ஒருவிதம், மலேசியாவில் வேறுவிதம். பிள்ளை கூட்டிக்கொண்டு போனவருக்கு (சுவீகாரம் போனவருக்கு) இனிஷியலே மாறிவிடும். இத்தனையையும் தாங்க வேண்டுமானால் பட்டியலின் முதுகெலும்பு கிளையாக (ஒரு முன்னோர் வழி வந்த குடும்பமாக) இருக்க வேண்டும்.

நான்கு டேபிள் போதும்: கிளை, ஆட்கள், கூட்டம், தீர்மானம். ஒவ்வொரு கிளைக்கும் 'க1', 'க2' என்று ஒரு குறி. ஆட்கள் டேபிளின் முதல் ஃபீல்டை (பத்தியை) கையால் எழுதும் எழுத்தாக விடாமல் ஃபார்முலாவாக மாற்றுங்கள்: கிளைக் குறி, ஒரு கோடு, கிளைக்குள் வரிசை எண், பிறகு வீட்டில் அழைக்கும் பெயர். 'க3-05 சின்னச் சொக்கு' என்று வரும். ஒருமுறை கொடுத்த எண்ணை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது. முழுப் பெயர் தமிழில் ஒரு ஃபீல்டு, பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துப்படி ஒரு ஃபீல்டு. சுவீகாரம் போனவர்களுக்குப் 'பிறந்த கிளை', 'வந்த கிளை' என்று இரண்டு ஃபீல்டு வைத்தால் அவரை இரண்டு ஆளாகப் பதிய வேண்டியதில்லை.

ஃபார்முலாவை ஏன் வற்புறுத்துகிறோம் என்றால், முதல் ஃபீல்டு வெறும் எழுத்தாக இருக்கும்போது கூட்டத்துக்கு வந்தவர்களை லிங்க் ஃபீல்டில் (இன்னொரு டேபிளோடு இணைக்கும் ஃபீல்டு) ஒட்டினால், பொருந்தாத ஒவ்வொரு பெயருக்கும் ஏர்டேபிள் அந்த டேபிளில் புது ரெக்கார்டு (ஒரு வரி) உருவாக்கிவிடும். இனிஷியலுக்குப் பிறகு ஒரு இடைவெளி கூடினாலும் அது புது ஆள்தான். காற்புள்ளி இன்னும் மோசம். லிங்க் ஃபீல்டுக்குக் காற்புள்ளி என்பது 'அடுத்த ஆள்' என்று பொருள். 'லெட்சுமணன், தேவகோட்டை' என்று ஒட்டினால் தேவகோட்டையும் ஒரு பங்காளியாகிவிடும்.

தமிழுக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். பழைய பட்டியல்கள் பெரும்பாலும் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைக்காகப் பாமினி மாதிரி, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் அடித்தவை. அவற்றை யூனிகோடுக்கு மாற்றும்போது சில மாற்றிகள் 'சொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒற்றைக் குறியீடாக எழுதாமல், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரித்து எழுதிவிடும். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், தேடினால் பாதிப் பேர் அகப்பட மாட்டார்கள். 'ஸ்ரீ' எழுத்திலும் இதே கதை. பழைய பட்டியலை உள்ளே கொண்டுவருமுன் ஒகர, ஓகார, ஔகாரப் பெயர்களைத் தனியே எடுத்து ஒரே விசைப்பலகையில் மறுபடி தட்டிவிடுங்கள். தொண்ணூறு பேருக்கு ஒரு மணி நேர வேலை. செய்யாவிட்டால் வருஷக்கணக்கில் தொல்லை.

வீட்டு அளவில் எல்லோரும் ஒரே கோயில் என்பதால் கோயில் ஃபீல்டு தேவையில்லை. ஊர்ப் பொதுக் கூட்டத்துக்குப் பட்டியல் போடுபவர்கள் மட்டும் இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி என்று நகரத்தாரின் ஒன்பது கோயில்களையும் சிங்கிள் செலக்ட் ஃபீல்டில் (பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்வது) முன்கூட்டியே வைத்துவிட வேண்டும். தட்டச்சு செய்ய விட்டால் இளையாத்தங்குடி மட்டுமே நாலு விதமாக வந்து நிற்கும்.

அடுத்தது வருகைப் பதிவு. இதில்தான் இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான ஆலோசனைகளோடு எங்களுக்கு உடன்பாடு இல்லை. 'வருகை' என்று தனி டேபிள் போட்டு, ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு ரெக்கார்டு எழுதச் சொல்வார்கள். முறைப்படி அது சரிதான். ஆனால் இலவசத் திட்டத்தில் ஒரு பேஸுக்கு (டேபிள்கள் அடங்கிய தொகுப்பு) எல்லா டேபிளும் சேர்ந்து 1,000 ரெக்கார்டுதான் அனுமதி (முன்பு 1,200 இருந்தது). ஆட்கள் 90, கிளை 7, வாக்குரிமை உள்ள பங்காளிகள் 40, ஆண்டுக்கு 4 கூட்டம், கூட்டத்துக்கு 6 தீர்மானம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வருகை மட்டும் ஆண்டுக்கு 160. கூட்டமும் தீர்மானமும் சேர்த்து 188. நான்காம் ஆண்டு முடிவில் 849, ஐந்தாம் ஆண்டில் இடம் தீர்ந்துவிடும்.

வருகை டேபிளே வேண்டாம். கூட்டம் டேபிளில் ஆட்களை நோக்கி மூன்று லிங்க் ஃபீல்டு போடுங்கள்: 'நேரில்', 'காணொளியில்', 'சம்மதம் சொல்லி அனுப்பியவர்'. ஆண்டுக்கு 28 ரெக்கார்டுதான் கூடும். இந்த வேகத்தில் 1,000 நிரம்ப முப்பது வருஷத்துக்கு மேல் ஆகும். இதில் இழப்பது ஒன்று: இன்னார் அன்றைக்கு எவ்வளவு பணம் கட்டினார் என்பது மாதிரித் தனித்தனி விவரத்தை இதில் எழுத முடியாது. வரவு செலவு எப்படியும் தனி நோட்டில் இருப்பதுதான் நல்லது. மூன்று லிங்க் போட்டவுடன் ஆட்கள் டேபிளில் 'கூட்டம்', 'கூட்டம் 2', 'கூட்டம் 3' என்று எதிர்ப் பக்க ஃபீல்டுகள் தாமாக முளைக்கும். அப்போதே பெயர் மாற்றிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் எது எதுவென்று தெரியாது.

எத்தனை பங்கு கூட்டத்தில் இருந்தது என்று தெரிந்தால்தான் தீர்மானத்துக்கு மதிப்பு. பங்கைத் தசமத்தில் எழுதாதீர்கள். மூன்றில் ஒன்றை 0.33 என்று போட்டால் மொத்தம் ஒருபோதும் ஒன்றாக வராது. வீட்டை 48 கூறாக வைத்துக்கொள்ளுங்கள். ஆதியில் மூன்று மகன்கள் என்றால் ஆளுக்கு 16. ஒருவருக்கு நான்கு பிள்ளை என்றால் கிளைக்கு 4. அடுத்தவருக்கு இரண்டு என்றால் 8. மூன்றாமவர் சுவீகாரம் ஒன்று என்றால் 16 அப்படியே. ஏழு கிளை, மொத்தம் 48. அடுத்த தலைமுறையில் மூன்றாகப் பிரிந்து முழு எண் வராவிட்டால் மொத்தத்தை 144 ஆக்கி எல்லாவற்றையும் மூன்றால் பெருக்குங்கள்.

இங்கே எல்லோரும் இடறும் இடம் ஒன்று உண்டு. 'நேரில்' ஃபீல்டில் உள்ள ஆட்கள் வழியாகப் பங்கை ரோலப் (இணைத்த ரெக்கார்டுகளின் எண்களைத் திரட்டுவது) எடுத்துக் கூட்டினால், 4 கூறுள்ள கிளையிலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் வந்தால் 12 என்று காட்டும். சரி, திரும்ப வருவதை நீக்கும் ஃபார்முலா போடலாமே என்று தோன்றும். அது இன்னும் பெரிய தவறு: அது கிளையைப் பார்க்காது, எண்ணைத்தான் பார்க்கும். 4 கூறுள்ள நான்கு கிளையும் வந்திருந்தாலும் 16க்குப் பதில் 4 என்று சொல்லும். சரியான வழி, கூட்டம் டேபிளிலிருந்து கிளை டேபிளுக்கே நேராக 'வந்த கிளைகள்' என்று ஒரு லிங்க் போட்டுக் கையால் தேர்வு செய்து, அதன் மேல் ரோலப் கூட்டல் வைப்பது. ஏழு கிளையைத் தொட அரை நிமிடம் ஆகும்.

குறிப்பு எழுதும் முறைக்கு வருவோம். பேச்சு முழுவதையும் கூட்டம் டேபிளில் ஒரு நீள எழுத்து ஃபீல்டில் போடலாம். தீர்மானத்தை மட்டும் அதற்குள் புதைக்கக் கூடாது, ஒவ்வொன்றும் தனி ரெக்கார்டு. 'இரண்டாம் கட்டு மேற்குச் சாய்ப்பில் உடைந்த நாட்டு ஓடு மாற்றுவது', 'முகப்புக்கு ஆத்தங்குடிக் கல் வாங்குவது' என்று ஒரே வாக்கியம். உடன் கூட்டம், பொறுப்பாளர், தொகை, கெடு, நிலை, மறுத்தவர். 'மறுத்தவர்' ஃபீல்டை யாரும் சங்கடம் என்று விட்டுவிடக் கூடாது. அதுதான் பின்னால் சண்டையைத் தவிர்க்கும். நிலைக்கு நான்கு சொல் போதும்: எடுத்தது, நடக்கிறது, முடிந்தது, கைவிட்டது. ஓடு சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் கெடு செப்டம்பருக்குள் இருக்கட்டும். ஐப்பசி மழை தொடங்கிய பிறகு எந்தக் கொத்தனாரும் ஓட்டின் மேல் ஏற மாட்டார்.

வளவுக்குள் உட்கார்ந்துகொண்டு நேரடியாக ஏர்டேபிளில் எழுதலாம் என்று நம்ப வேண்டாம். இணையம் இல்லாமல் அது வேலை செய்யாது, தடித்த சுவருக்குள் டவர் வந்து வந்து போகும். கூட்டத்தில் நோட்டில் எழுதுங்கள், கையெழுத்து வாங்குங்கள், அன்று இரவே ஏற்றுங்கள். நோட்டுப் பக்கத்தை போனில் படமெடுத்தால் ஒன்று 4 எம்பி வரும். இலவசத் திட்டத்தின் 1 ஜிபி இடம் சுமார் 250 படத்தில் தீரும். ஸ்கேன் ஆப்பில் கறுப்பு வெள்ளை பிடிஎஃப் ஆக்கினால் பல மடங்கு மிச்சம்.

அந்த பிடிஎஃப்பைக் கூட்டத்தின் ரெக்கார்டில் ஏற்றுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஏர்டேபிளில் லிங்க் என்பது உயிரோடு இருக்கும் தொடர்பு. ஆட்கள் டேபிளில் இன்று மாற்றியது மூன்று வருஷத்துக்கு முந்தைய கூட்டத்திலும் மாறித் தெரியும். போன் எண்ணுக்கு அது வசதி, அன்று யார் பொறுப்பேற்றார் என்ற பதிவுக்கு அது ஆபத்து; பிடிஎஃப் மாறாது. அதைவிட ஆபத்து, காலமானவரின் ரெக்கார்டை அழிப்பது. அழித்த நொடியில் அவர் வந்திருந்த எல்லாக் கூட்டங்களிலிருந்தும், அவர் மறுத்த தீர்மானங்களிலிருந்தும் பெயர் போய்விடும். இலவசத் திட்டத்தில் மாற்ற வரலாறு இரண்டு வாரம்தான் நிற்கும். ஆட்கள் டேபிளிலும் 'நிலை' என்று ஒரு ஃபீல்டு வைத்து 'சிவபதவி' என்று குறித்து, வாரிசை அதே டேபிளுக்குள் லிங்க் செய்யுங்கள். தினசரிப் பார்க்கும் வியூவில் அவரை வடிகட்டி மறைத்துக்கொள்ளலாம்.

எண்கள். போன் ஃபீல்டில் பத்து இலக்கத்தை வெறுமனே தட்டினால் ஏர்டேபிள் அதை அமெரிக்க எண் என்று எடுத்துக்கொண்டு அடைப்புக்குறி போட்டுவிடும். எப்போதும் கூட்டல் குறியும் நாட்டுக் குறியீடும் சேர்த்து, இடைவெளி இல்லாமல்: இந்தியா 91, சிங்கப்பூர் 65, மலேசியா 60. மலேசிய எண்ணின் முன்னால் உள்ளூரில் போடும் பூஜ்யத்தை 60க்குப் பிறகு விட்டுவிட வேண்டும். வாட்ஸ்அப் எண்ணைத் தனி ஃபீல்டாக வையுங்கள். வயதானவர்களுக்குப் பேசும் எண் ஒன்று, வாட்ஸ்அப் மகனுடையது என்று இருக்கும். வாட்ஸ்அப்பின் குறு முகவரிக்கு (wa.me/) பின்னால் கூட்டல் குறி நீக்கிய எண்ணை ஒட்டும் ஃபார்முலா ஒன்று எழுதினால், தொட்டவுடன் உரையாடல் திறக்கும். மின்னஞ்சல் ஆட்டோமேஷனை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. பங்காளிகள் பார்ப்பது வாட்ஸ்அப்.

கூட்ட நேரத்துக்கும் கவனம் வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊருக்கு வருவது டிசம்பர் விடுமுறையில், அல்லது படைப்புக்கு (முன்னோருக்குப் படையலிடும் சடங்கு). மற்ற கூட்டங்களில் காணொளிதான். தேதி ஃபீல்டில் நேரத்தைச் சேர்த்தால் அது பார்ப்பவரின் ஊர் நேரப்படி தெரியும். காலை 10 மணிக் கூட்டம் சிங்கப்பூரில் 12.30 என்று காட்டும். அது சரியான விவரம்தான், ஆனால் போனில் 'குறிப்பில் என்ன மணி போட்டிருக்கு அண்ணே?' என்று கேட்டால் இருவர் இரண்டு பதில் சொல்வார்கள். எல்லோருக்கும் ஒரே நேர மண்டலம் என்ற தேர்வை இயக்கி இந்திய நேரத்தை வையுங்கள். 'இன்று' என்ற தேதியைத் தரும் ஃபார்முலா கிரீன்விச் நேரப்படி ஓடுவதால் நம் காலை 5.30 வரை நேற்றைய தேதியையே காட்டும்.

எண் மாறியவர்கள் தாங்களே திருத்தட்டும் என்று ஆட்கள் டேபிளின் ஃபார்மை அனுப்பாதீர்கள். அந்த ஃபார்ம் பழைய ரெக்கார்டைத் திருத்தாது, புதிது ஒன்றைச் சேர்க்கும். 'திருத்தம்' என்று ஒரு சின்ன டேபிள், அதற்கு ஃபார்ம், வந்ததைப் பார்த்துக் கையால் மாற்றிவிட்டு அந்த வரியை அழிப்பது: இதுவே சரி. அந்த ஃபார்மில் ஆட்களை நோக்கிய லிங்க் ஃபீல்டு இருக்கக் கூடாது. இருந்தால் ஃபார்ம் கிடைத்த எவரும் மொத்தப் பெயர்களையும் உருட்டிப் பார்க்கலாம். ஆச்சிமார் பெயர்கள் அறிமுகமில்லாதவர் கைக்குப் போவதை எந்த வீடும் விரும்பாது.

நோஷன் என்ற குறிப்பெழுதும் கருவியில் இதையே செய்யலாமா என்றால், செய்யலாம். நீளமாக எழுதிப் படிக்க அது இதமானது. இலவசத் திட்டத்தில் ஒரு கோப்பு 5 எம்பிக்கு மேல் ஏறாது. பங்குக் கணக்கும் ரோலப்பும் முக்கியம் என்றால் ஏர்டேபிளே கைக்கு அடக்கம்.

ஒவ்வொரு கூட்டத்துக்கும் பிறகு நான்கு டேபிளையும் சிஎஸ்வி (வெறும் எழுத்தாலான அட்டவணைக் கோப்பு) ஆக இறக்கி வைக்க வேண்டும். லிங்க் ஃபீல்டுகள் அதில் முதல் ஃபீல்டின் எழுத்தாக மட்டுமே வரும். 'க3-05' என்ற குறி அங்கேதான் கைகொடுக்கும், வேறு கருவிக்கு மாறினாலும் அதை வைத்து மறுபடி இணைக்கலாம். இணைப்புக் கோப்புகள் சிஎஸ்வியில் வராது, முகவரி மட்டும் வரும். 2022 நவம்பரிலிருந்து அந்த முகவரிகள் சில மணி நேரத்தில் காலாவதியாகிவிடுகின்றன. அதனால் பிடிஎஃப்களைத் தனியே இறக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவிலும் முகவரியை ஒட்டாமல் கோப்பையே அனுப்புங்கள்.

அதே சிஎஸ்வியிலிருந்து வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்கு ஒரு தாள் அச்சடித்துக் கொடுங்கள். கிளை, அழைக்கும் பெயர், பேசும் எண், ஊர் என்று நான்கு பத்தி, பெரிய எழுத்து, கீழே அச்சடித்த தேதி. புதுத் தாளைக் கொடுக்கும்போது பழையதைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டும் சுவரில் தொங்கினால், நடுராத்திரி ஓடு சரிந்தது என்று அவர் போன் செய்வது இரண்டு வருஷம் முன்னால் மாறிப்போன எண்ணுக்குத்தான்.