இரவு பத்தரை மணிக்கு ரூத்: நான் சேர்ந்த இணைய வகுப்பு

பழைய ஏற்பாட்டில் வரும் ரூத்தின் சரித்திரத்தை யூதர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கு இந்த வகுப்பைத் தயங்காமல் சொல்வேன். ஆனால் ராத்திரி கண் விழிக்கத் தெம்பு வேண்டும். எருசலேமில் 8 மணிக்கு ஆரம்பித்தால் நமக்குப் பத்தரை. ஒன்றரை மணி நேர வகுப்பு என்பார்கள், கேள்வி பதில் முடிந்து லேப்டாப்பை மூடும்போது நள்ளிரவு தாண்டியிருக்கும்.

வாரம் ஒரு அதிகாரம் வீதம் நான்கு வகுப்புகள். ஜூமில், ஆங்கிலத்தில். நடத்துகிறவர் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு யூத அம்மையார். கட்டணம் நம் பணத்தில் மூவாயிரத்துச் சொச்சம். என் கார்டு வெளிநாட்டுப் பணப் பரிமாற்றத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை, மகளுடைய கார்டில் கட்டினேன். ஷாவுவோத் பண்டிகைக்கு முந்தைய வாரங்களில் இதை நடத்துகிறார்கள், ஏனென்றால் அந்தப் பண்டிகையில்தான் ஜெப ஆலயங்களில் ரூத் வாசிக்கப்படுகிறது. நமக்குப் பெந்தெகொஸ்தே என்று பழக்கமான நாள்தான் அது. பஸ்காவை ஒட்டி வாற்கோதுமை அறுப்பு தொடங்கும், ஐம்பது நாள் எண்ணி முடிக்கும்போது கோதுமை அறுப்புக் காலம். ரூத் வயலில் கதிர் பொறுக்கியதும் இந்த இடைவெளியில்தான்.

சபையில் பிறந்து வளர்ந்த எனக்கு ரூத் என்றால் கல்யாணப் பிரசங்கம். ‘உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம், உம்முடைய தேவன் என்னுடைய தேவன்’ என்று சபைப் போதகர் ஐயர் வாசிப்பார், மணப்பெண் குனிந்த தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருப்பாள். மாப்பிள்ளைக்கு அன்றைக்கு அறிவுரை ஒன்றும் இருக்காது. இத்தனைக்கும் ரூத் அந்த வார்த்தைகளைப் புருஷனிடம் சொல்லவில்லை. பெத்லெகேமிலிருந்து பிழைக்க வந்த குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட மோவாப் தேசத்துப் பெண் அவள், புருஷன் மோவாபிலேயே செத்துப் போனான். ரூத் சொன்னது சொந்த ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த மாமியார் நகோமியிடம், அதுவும் மாமியார் ‘வீட்டுக்குப் போ’ என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும்போது.

அம்மையார் முதல் வகுப்பை அந்தப் பிரசங்கம் முடிகிற இடத்திலிருந்துதான் எடுத்தார். ரூத் இவ்வளவு பேசிய பிறகு நகோமி என்ன பதில் சொன்னாள்? ஒன்றும் சொல்லவில்லை. இவள் மன உறுதியாக இருக்கிறாள் என்று கண்டு பேச்சை விட்டுவிட்டாள், அவ்வளவுதான். அப்புறம் இரண்டு பேரும் நடந்து பெத்லெகேம் போய்ச் சேருகிறார்கள். ஊர்ப் பெண்கள் ‘நகோமியா இது?’ என்று கூடுகிறார்கள். நகோமி அவர்களிடம், நிறைவாய்ப் போனேன், கர்த்தர் என்னை வெறுமையாய்த் திரும்பப்பண்ணினார் என்கிறாள். இந்த இடத்தில் அம்மையார் நிறுத்தி, “அவள் இதைச் சொல்லும்போது ரூத் எங்கே நிற்கிறாள்?” என்று கேட்டார். திரையில் இருந்த அத்தனை முகங்களும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பக்கத்தில்தானே நின்றிருப்பாள்! எத்தனையோ தடவை வாசித்த அதிகாரம், இது ஒருநாளும் என் கண்ணில் பட்டதில்லை.

அந்தப் பிரசித்தி பெற்ற வசனத்தை ரபிமார், அதாவது அந்தக் காலத்து யூத வேத ஆசிரியர்கள், எப்படிப் படித்தார்கள் என்பதும் அன்றே வந்தது. பழைய விளக்க உரைகளில் அது ஒரு உரையாடல். நகோமி ஒன்று சொல்ல, ரூத் அதற்குப் பதில் சொல்கிறாள். எங்கள் பெண்கள் புறஜாதியாரின் நாடக அரங்குக்குப் போக மாட்டார்கள் என்கிறாள் நகோமி. நீர் போகும் இடத்துக்கே நானும் வருவேன் என்கிறாள் ரூத். வாசல் நிலையில் மெசூசா (வேத வசனம் எழுதிய சுருள்) இல்லாத வீட்டில் நாங்கள் தங்க மாட்டோம் என்கிறாள் நகோமி. நீர் தங்கும் இடத்தில் நானும் தங்குவேன் என்கிறாள் ரூத். (நியாயாதிபதிகள் காலத்து மோவாபில் நாடக அரங்கு ஏது என்று கேட்காதீர்கள். ரபிமார் ரோமர் காலத்து ஆட்கள், தங்கள் ஊரில் பார்த்ததைச் சொன்னார்கள். அம்மையாரே சிரித்தார்.) யூத மார்க்கத்தில் சேர வருகிறவரை மூன்று தடவை திருப்பி அனுப்பிப் பார்க்க வேண்டும் என்ற வழக்கத்தையும், நகோமி மூன்று தடவை ‘திரும்பிப் போ’ என்றதிலிருந்து எடுத்திருக்கிறார்கள்.

எனக்கு இது முதலில் ஒட்டவில்லை. இவ்வளவு உருக்கமான பேச்சைச் சட்டப் புத்தகமாக்கி விட்டார்களே என்றிருந்தது. ஆனால் படுக்கையில் யோசித்தபோது அதிலும் நியாயம் தெரிந்தது. ‘உம்முடைய தேவன் என்னுடைய தேவன்’ என்று யாரும் சொல்லிவிடலாம். சரி, ஓய்வுநாளில் எவ்வளவு தூரம் நடப்பாய், எந்த இடத்துக்குப் போக மாட்டாய் என்று அடுத்த கேள்வி கேட்கிறவர்களை எனக்குப் பிடித்திருக்கிறது.

நகோமியின் இன்னொரு மருமகள் ஒர்பாள் விஷயத்தில்தான் ரபிமாரோடு எனக்குச் சண்டை. அவளை, தாவீதோடு சண்டைக்கு வந்த ராட்சதன் கோலியாத்தின் வம்சத்துக்குத் தாயாக்கி விட்டார்கள். வேதத்தில் அவள் மேல் ஒரு குறையும் இல்லை. அழுதாள், மாமியாரை முத்தமிட்டாள், மாமியார் சொன்னபடியே தாய் வீட்டுக்குப் போனாள். சொன்ன பேச்சைக் கேட்டவள் அவள்தான்!

இரண்டாவது வகுப்புக்காக மட்டுமே முழுக் காசையும் கொடுக்கலாம். வயல் அதிகாரம். அறுக்கும்போது வயலின் ஓரத்தை விட்டுவிட வேண்டும், சிந்தின கதிரைப் பொறுக்கக் கூடாது, அது எளியவனுக்கும் பரதேசிக்கும் (வேற்று தேசத்தானுக்கும்) உரியது என்று லேவியராகமத்தில் இருக்கிறதல்லவா? அது எப்படி நடைமுறையில் ஓடியது என்று மிஷ்னா என்கிற பழைய யூதச் சட்டத் தொகுப்பிலிருந்து காட்டினார். ஓரம் என்றால் அறுபதில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. சிந்தியது என்றால் ஒரு கதிர், இரண்டு கதிர். மூன்று சேர்ந்து விழுந்தால் அது சொந்தக்காரனுக்கு. இப்போது, மிஷ்னாவை விரித்துப் பேசும் தல்மூத் சொல்கிற கதையைக் கேளுங்கள். நிலத்துக்குச் சொந்தக்காரனான போவாஸ் வயலுக்கு வந்ததும் ‘இந்தப் பெண் யார்?’ என்று கேட்டானே, ஏன் கேட்டான்? அழகைப் பார்த்து அல்லவாம். இரண்டு கதிர் கிடந்தால் எடுக்கிறாள், மூன்று கிடந்தால் விட்டுவிடுகிறாள். வந்து சில நாள்கூட ஆகாத மோவாபியப் பெண், கணக்குப் பிசகாமல் பொறுக்குகிறாள். அதைப் பார்த்துத்தான் கேட்டான்.

இதை வைத்துக்கொண்டு எங்களை இரண்டு இரண்டு பேராகப் பிரித்து விட்டார்கள். ஹவ்ரூதா என்கிற பழைய முறை இது. இரண்டு பேர் ஒரே பக்கத்தை வைத்துக்கொண்டு சத்தமாக வாசித்து வாதம் பண்ண வேண்டும். எனக்கு வாய்த்தவர் கலிலேயா பக்கத்துப் பெரியவர், சின்ன வயதில் வயலில் வேலை பார்த்தவர். வாதம் எதுவும் பண்ணவில்லை. வாற்கோதுமைக் கதிருக்கு நீள மீசை உண்டு, அது சொரசொரப்பாக இருக்கும், வியர்த்த முன்னங்கையில் பட்டால் ராத்திரி பூராவும் அரிக்கும் என்று கையைத் தூக்கிக் காட்டினார். ரூத் அன்று மாலை தட்டி எடுத்த தானியம் ஒரு எப்பா, ஏறக்குறைய 22 லிட்டர் என்று குறிப்பில் இருந்தது. வாற்கோதுமையில் சுமார் 13 கிலோ வரும். இரண்டு இரண்டு கதிராகப் பொறுக்கினால் அவ்வளவு சேருமா என்றார் அவர். போவாஸ் தன் ஆட்களிடம், அரிக்கட்டுகளிலிருந்து வேண்டுமென்றே சிலவற்றை உருவிப் போடச் சொன்னானே என்றேன். அதற்குள் நேரம் முடிந்து எங்களைத் திரும்ப இழுத்துவிட்டார்கள். 15 நிமிஷம் இதற்குப் போதவே போதாது.

அன்று அத்தையும் தூக்கம் வராமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டில் ரூத்துக்குப் போவாஸ் வறுத்த தானியம் கொடுக்கிறான். வயிறு நிறையச் சாப்பிட்டு மிச்சம் வைக்கிறாள். சாயங்காலம் தானியத்தை இறக்கி வைத்துவிட்டு அந்த மிச்சத்தையும் எடுத்து மாமியாருக்குக் கொடுக்கிறாள். இரண்டு வசனங்கள் நான்கு வசன இடைவெளியில் இருப்பதால் வேகமாக வாசித்தால் தெரியாது. பிற்பகல் முழுக்க அந்த ஒரு பிடியை முந்தானையில் முடிந்துகொண்டே வெயிலில் குனிந்து நிமிர்ந்திருக்கிறாள். நான் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்த அத்தை, “வாங்கினவ என்ன சொன்னா?” என்றார்கள். உன்னை விசாரித்தவன் ஆசீர்வதிக்கப்படுவானாக என்றாள் என்றேன். “நெலக்காரனுக்கு ஆசீர்வாதம். சொமந்துட்டு வந்த பிள்ளைக்கு ஒண்ணும் இல்லியாக்கும்!” என்று எழுந்து போய்விட்டார்கள்.

இதையே மூன்றாவது வகுப்பில் நான் கேட்டேன், என் அத்தை கேட்டதாகவே சொன்னேன். அம்மையாருக்குக் கேள்வி பிடித்துவிட்டது. நகோமியின் நன்றி மூன்றாம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் வருகிறது என்றார். உனக்கு ஒரு நல்ல வாழ்வைத் தேடித் தர வேண்டாமா, மகளே என்று அங்கேதான் முதல் முறையாகத் தன் துக்கத்தை விட்டு மருமகளைப் பற்றி யோசிக்கிறாள். ஆக, ரூத்தின் பிரமாணத்துக்கு வராத பதில், ஒரு அறுப்புக் காலம் முழுக்க அவள் தானியம் சுமந்து வந்த பிறகு வருகிறது. போவாஸ் படுத்திருக்கும் களத்துமேட்டுக்கு ரூத் ராத்திரியில் போகும் காட்சியை அம்மையார் கூச்சமும் இல்லாமல் குறுகுறுப்பும் இல்லாமல் நடத்தினார், அது பெரிய விஷயம். விடியுமுன் போவாஸ் ரூத்தின் போர்வையில் ஆறு அளவு வாற்கோதுமை போட்டு, மாமியாரிடம் வெறுமையாய்ப் போகாதே என்று அனுப்புகிறான். வெறுமையாய் வந்தேன் என்று ஊர் நடுவே சொன்னவளுக்குத்தான் அது போகிறது.

ரூத்தின் இந்தச் சுருளில் தீட்டு, சுத்தம், கூடும், கூடாது என்ற சட்டம் எதுவும் இல்லை, பிறகு ஏன் எழுதப்பட்டது என்று ரபி ஸெய்ரா கேட்டாராம். தயை செய்கிறவர்களுக்கு எவ்வளவு நல்ல பலன் என்று காட்ட என்று அவரே பதிலும் சொல்லியிருக்கிறார். மொத்தம் 85 வசனங்கள்தான்.

இவ்வளவு நன்றாகப் போனது நான்காவது வாரம் சறுக்கியது. மோவாபியன் கர்த்தரின் சபைக்கு உட்படலாகாது என்ற உபாகமத் தடை இருக்க, தாவீது ராஜாவின் கொள்ளுப்பாட்டி எப்படி மோவாபியப் பெண்? தடை ஆண்களுக்குத்தான், பெண்களுக்கு இல்லை என்று ரபிமார் தீர்த்த வழக்கு அது. அதற்கே பாதி நேரம் போய்விட்டது. போவாஸ் ரூத்தை மணக்கும் உரிமையைப் பெறுகிற நகர வாசல், பத்து மூப்பர், கழற்றிக் கொடுத்த செருப்பு எல்லாம் ஓட்டமாய் ஓடியது. கடைசியில் ஊர்ப் பெண்கள் நகோமியிடம், ஏழு பிள்ளைகளைவிட உனக்கு அருமையான மருமகள் என்கிறார்களே, அன்று பக்கத்தில் நின்றவளைப் பார்க்காதவளுக்கு அது எப்படி இருந்திருக்கும்? நான்காம் அதிகாரத்தில் ரூத்தும் பேசவில்லை, நகோமியும் பேசவில்லை. இதைப் பற்றி ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். நேரமில்லை என்று முடித்துவிட்டார்கள். மத்தேயு எழுதின இயேசுவின் வம்ச வரலாற்றில் ரூத் வருவதைப் பற்றி ஒருவர் கேட்டதற்கு, அது உங்கள் வீட்டுப் பாடம் என்று அம்மையார் மரியாதையாக நழுவினார். எனக்கு அதில் வருத்தமில்லை, யூதப் பாடம் என்று தெரிந்துதானே சேர்ந்தோம்.

சில்லறைக் குறைகள்: குறிப்புகள் எபிரெயம் ஒரு பத்தி, ஆங்கிலம் ஒரு பத்தி என்று அச்சடித்தால்தான் படிக்க முடியும், போனில் உதவாது. பதிவான வீடியோ ஒரு மாதத்தில் மறைந்துவிடும். எபிரெயம் தெரிய வேண்டியதில்லை, ஆனால் தமிழ் வேதாகமத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் நியாயாதிபதிகளுக்கு அடுத்து இருக்கும் ரூத், யூதர்களின் வேதத்தில் கடைசிப் பகுதியில் இருப்பதால் முதல் நாள் கொஞ்சம் தடுமாறும்.

அடுத்து பூரீம் என்கிற யூதப் பண்டிகைக்கு எஸ்தர் புத்தகத்தை நடத்தப் போகிறார்களாம். அப்போது அங்கே குளிர்கால நேரம் இருக்கும், வகுப்பு நமக்குப் பதினொன்றரைக்கு. அத்தை சேரச் சொல்கிறார்கள். பகல் வகுப்பு உண்டா என்று கேட்டு எழுதியிருக்கிறேன்.