இல்லாத பேரிங்குக்கு 85 டாலர்: பான்டியாக் ஓவர்ஹெட் கேம் சிக்ஸ் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

என் கார் இன்ஜினை ஓவர்ஹால் செய்த பட்டறை கொடுத்த பில் இப்போது மேசைமேல் இருக்கிறது. மொத்தம் 6,740 டாலர். அதில் ஒன்பதாவது வரி: கேம் பேரிங் செட், 85 டாலர். பணம் கட்டிய அன்று அந்த வரி என் கண்ணில் படவே இல்லை. பட்டிருந்தால் அங்கேயே நின்று கேட்டிருப்பேன். கேம் பேரிங் என்பது, வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் சுற்றும் இடத்தில் போடும் வளையம். என் இன்ஜினில் அப்படி ஒரு பாகமே கிடையாது.

கார் 1967 பான்டியாக் ஃபயர்பேர்ட் ஸ்பிரிண்ட். ஃபயர்பேர்ட் என்றாலே எல்லோரும் வி8 தான் எதிர்பார்ப்பார்கள். இதில் இருப்பது வரிசையாக நிற்கும் ஆறு சிலிண்டர், 230 கன அங்குலம். வேலைக்காக மிச்சிகன் வந்து டெட்ராய்ட் பக்கம் குடியேறியபின், ஐந்து வருடம் பணம் சேர்த்து வாங்கினேன். வாங்கும்போது எச்சரிக்கையாகத்தான் இருந்தேன். அந்தக் காலத்துப் பான்டியாக்கில் வரிசை எண் 6 என்று தொடங்கினால் ஆலையிலிருந்து ஆறு சிலிண்டராக வந்த கார், 1 என்று தொடங்கினால் வி8. அதைப் பார்த்தேன். பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸில் பணம் கட்டி ஆலையின் பழைய பில் நகலையும் வரவழைத்தேன். ஸ்பிரிண்ட் என்று தெளிவாக இருந்தது. கார் விற்றவர் என்னை ஏமாற்றவில்லை.

இந்த இன்ஜினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் ஆறு சிலிண்டர் என்பது விலை மலிவுக்காக வைப்பது; கேம்ஷாஃப்ட் கீழே பிளாக்கில் கிடக்கும், நீளமான புஷ்ராட் மேலே வால்வைத் தள்ளும். ஜான் டிலோரியன் பான்டியாக்கின் தலைமைப் பொறியாளராக இருந்த காலத்தில் அங்கே வேறு மாதிரி யோசித்தார்கள். கேம்ஷாஃப்ட்டை சிலிண்டர் ஹெட்டுக்கு மேலே ஏற்றினார்கள்; ஓவர்ஹெட் கேம் என்பது இதுதான். அதைச் சுற்றுவதற்குச் செயின் இல்லை, கண்ணாடியிழை பதித்த பல்லுள்ள ரப்பர் பெல்ட். 1966 மாடலில் வந்தது. ஸ்பிரிண்ட்டில் நான்கு பேரல் குவாட்ராஜெட் கார்புரேட்டர், 10.5 கம்ப்ரெஷன், 67-இல் 215 குதிரைத்திறன். 1969 மாடலோடு சரி, அதன்பின் ஃபயர்பேர்டின் ஆறு சிலிண்டர் செவர்லே இன்ஜினாகிவிட்டது. நான்கே வருடம் வந்த இன்ஜினுக்கு உதிரிபாகம் எப்படிக் கிடைக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அதில் உயிர்நாடி மேலே இருக்கும் அலுமினிய கவர். கேம்ஷாஃப்ட் அந்தக் கவருக்குள்ளேயே, அலுமினியத்தின் மேல் நேரடியாகச் சுற்றுகிறது. நடுவில் ஆயில் படலம் மட்டும்தான். மூடியும் அதுவே, பேரிங்கும் அதுவே. அது போனால் புதிதாக வாங்கி மாட்ட ஒன்றுமில்லை.

ஆயில் ஒழுகுகிறது, புகை வருகிறது என்று, வீட்டிலிருந்து நாற்பது நிமிடத் தொலைவில் இருக்கும் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பெயர் போடவில்லை. "இதைப் பிரித்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன். "செவி சிக்ஸ்தானே, கண்ணை மூடிக்கொண்டு செய்வோம்" என்றார் முதலாளி. செவர்லேயின் ஆறு சிலிண்டர் இன்ஜினைத்தான் அப்படிச் சொன்னார். போர் (சிலிண்டர் விட்டம்) 3.875 அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 3.25 அங்குலம், செவர்லே 230-க்கும் இதே அளவுதான். அதனால் அவர் சொன்னது எனக்கும் நியாயமாகப்பட்டது. அளவு ஒன்றாக இருந்தாலும் பிளாக் வேறு, ஹெட் வேறு என்று அன்று நான் அழுத்திச் சொல்லவில்லை. அட்வான்ஸ் 3,000 டாலர் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்று மாதம் என்றார்கள், பதினொரு மாதம் ஆனது.

நவம்பர் நடுவில் கார் வந்தது. கவருக்குப் பளபளவென்று சில்வர் பெயின்ட் அடித்திருந்தார்கள். அழகுக்கு அடித்தது என்று நினைத்து நன்றி வேறு சொன்னேன். அடுத்த வாரமே பனி, சாலையெல்லாம் உப்பு. இங்கே பழைய கார் வைத்திருக்கும் யாரும் அந்த உப்பில் வண்டியை இறக்கமாட்டார்கள். போர்வை போர்த்தி காரேஜில் நிறுத்திவிட்டேன்.

ஏப்ரலில் வெளியே எடுத்தேன். குளிர்ந்த இன்ஜினில் ஆயில் பிரஷர் நன்றாக இருந்தது. சூடேறி சிக்னலில் நின்றதும் முள் 8 பவுண்டுக்கு இறங்கியது. மேலே டிக் டிக் என்று தட்டல். 300 மைல்கூட ஓடவில்லை. ஆயிலை வடித்து வெயிலில் வைத்துப் பார்த்தபோது வயிறு கலங்கிவிட்டது. ஜிகினாத் தூள் கொட்டியதுபோல ஆயில் முழுக்க மினுமினுப்பு. காந்தம் வைத்தேன், ஒட்டவில்லை. இரும்பு இல்லை, அலுமினியம்.

பான்டியாக் ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் வீட்டுக்கே வந்து கவரைக் கழற்றினார். கேம்ஷாஃப்ட்டை உருவி வைத்துவிட்டு, அது உட்காரும் வளையத்துக்குள் என் சுண்டுவிரலை விடச் சொன்னார். நகத்தால் தடவினேன். சொரசொரவென்று நகம் மாட்டியது. வழவழப்பாக இருக்க வேண்டிய இடம், அம்மை போட்ட முகம்போல் குழி குழியாக இருந்தது. ஆயில் போகும் துளையில் வெள்ளைப் பொடி அடைத்திருந்தது. வெளிப் பெயின்ட்டைக் கத்தியால் சுரண்டினார். அடியில் கரும்சாம்பல் நிறம். அவர் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "காஸ்டிக்."

இரும்பு பிளாக்கைச் சுத்தம் செய்யக் கொதிக்கும் காஸ்டிக் சோடாத் தொட்டியில் போடுவது பட்டறை வழக்கம். இரும்புக்கு ஒன்றும் ஆகாது, அலுமினியத்தை அது தின்றுவிடும். பிளாக்கோடு கவரையும் சேர்த்துத் தொட்டியில் இறக்கியிருக்கிறார்கள். எடுத்துப் பார்த்ததும் என்ன ஆனது என்று அவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. உள்ளே எமரி பேப்பர் போட்டுத் தேய்த்து, வெளியே பெயின்ட் அடித்து மறைத்துவிட்டார்கள். பில்லில் பதினோராவது வரி: கேம் கவர் மெருகேற்றல், 240 டாலர். ஊரில் இருக்கும் அம்மாவிடம் போனில் சொன்னபோது, "அலுமினியச் சட்டியில சலவைச் சோடா போடக்கூடாதுன்னு எனக்கே தெரியுமேடா" என்றார்.

தவறு யாருக்கும் நேரும். வந்து சொல்லியிருந்தால் கோபப்பட்டிருப்பேன், பிறகு சேர்ந்தே வேறு கவர் தேடியிருப்போம். அவர்கள் மறைத்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பட்டறைக்குப் போனேன். வாரண்டி 90 நாள், பிப்ரவரியிலேயே முடிந்துவிட்டது என்றார் முதலாளி. கார் போர்வைக்குள் இருந்தபோதே வாரண்டி ஓடித் தீர்ந்திருக்கிறது. மிச்சிகனில் இருப்பவர்கள் இதை முதலிலேயே பேசி எழுதி வாங்குங்கள்: நாள் கணக்கு வேண்டாம், மைல் கணக்கு கேளுங்கள், அல்லது வசந்தத்தில் முதல் ஓட்டத்திலிருந்து எண்ணச் சொல்லுங்கள்.

மாநில செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகத்தில் புகார் கொடுத்தேன். இங்கே பழுதுபார்க்கும் கடைகள் அங்கேதான் பதிவு செய்திருக்க வேண்டும். பிறகு மாவட்ட நீதிமன்றத்தில் சிறு வழக்கு போட்டேன். 7,000 டாலர் வரை கேட்கலாம், இரண்டு பக்கமும் வக்கீல் கிடையாது. கவரையும் பில்லையும் எடுத்துக்கொண்டு போனேன். கேம் பேரிங் எந்த இடத்தில் போட்டீர்கள், இதில் காட்டுங்கள் என்று நீதிபதி கேட்டார். முதலாளி கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரே தவிர வாய் திறக்கவில்லை. 3,150 டாலர் தரச் சொல்லித் தீர்ப்பு. இதுவரை 1,000 வந்திருக்கிறது.

உங்களிடம் இதே இன்ஜின் இருந்தால், பட்டறையில் ஒரே கேள்வி கேளுங்கள்: "இதற்குக் கேம் பேரிங் என்ன விலை ஆகும்?" விலை சொன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். பிளாக்கையும் ஹெட்டையும் வேலைக்குக் கொடுத்தாலும் கவரைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், மாட்டும் நாளன்று நீங்களே கையில் கொண்டுபோங்கள். பிரிக்கும் முன் ஒவ்வொரு பாகத்தையும் படம் எடுங்கள். என்னிடம் பழைய படம் நான்கு இருந்ததால்தான் நீதிமன்றத்தில் பேச முடிந்தது.

ஒஹையோவில் ஒருவரிடம், இதே இன்ஜின் வந்த 1966 பான்டியாக் டெம்பெஸ்ட் ஒன்றின் கவர் கிடைத்தது. பெரியவரே உட்கார்ந்து மாட்டிக் கொடுத்தார். இப்போது சூடேறி நிற்கும்போதும் பிரஷர் 30-க்குக் கீழே இறங்கவில்லை. கெட்டுப்போன கவரைத் தூக்கிப் போடவில்லை. ஆகஸ்டில் உட்வர்ட் அவென்யூவில் ட்ரீம் க்ரூஸ் என்ற பழைய கார் ஊர்வலம் நடக்கும்போது காரின் டிக்கியில் வைத்திருப்பேன். இந்த இன்ஜினை வேலைக்குக் கொடுக்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் நிறுத்திக் கேளுங்கள். எடுத்துத் தருகிறேன், நகத்தால் தடவிப் பாருங்கள்.